சக்கரத்தின் மேல் ஓர் இல்லம்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்று சொல்லிச் சென்றனர் முன்னோர். பழைய வீட்டைப் பிரித்துப் பார்ப்பது பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. புது வீடு கட்டுவோருக்குத் தாம் வைத்த கல் இன்னதென்று தெரியும். பழைய வீட்டைக் கையில் எடுப்போருக்கோ, முன்னிருந்தவர் எதை வைத்தார், எதை மறைத்தார் என்பது சுவரைப் பிரித்த பின்னரே தெரியவரும். அவ்வீடு சக்கரத்தின் மேல் ஓடுவதாகவும் இருந்துவிட்டால், அறிந்துகொள்ள வேண்டியவை இன்னும் பெருகிவிடுகின்றன.

அமெரிக்காவில் இத்தகைய வீட்டைக் கேம்பர் டிரெய்லர் என்பர். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் ஓரறை வீடு அது. கட்டில், அடுப்பு, கழுவுதொட்டி, மேசை, அலமாரி யாவும் பதினாறு, பதினெட்டு அடி நீளத்துக்குள் அடங்கிவிடும். வாலி பையம் என்பார் 1931இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கி, 1936இல் ‘கிளிப்பர்’ என்னும் அலுமினிய வண்டியை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தால் நாடெங்கும் அகன்ற சாலைகள் விரிந்தபோது, நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறைத் துணையாக இவ்வண்டிகள் பெருகின. இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரம் இத்தொழிலின் தலைநகரம் எனப் பெயர் பெற்றது. அந்நாளில் செய்யப்பட்ட வண்டிகள் பல இன்றும் பண்ணைகளின் ஓரத்திலும் வீடுகளின் கொல்லையிலும் நிற்கின்றன. அவற்றை வாங்கித் தம் கையாலேயே உள்ளே புதுப்பித்துக்கொள்வோர் அந்நாட்டில் ஏராளம்.

மிச்சிகன் மாநிலத்தில் குடியிருக்கும் நாங்களும் அவ்வாறு ஒன்றை வாங்கினோம். 1968இல் செய்யப்பட்ட பதினாறு அடி வண்டி. எங்களுக்கு அதனால் இரண்டு பயன் உண்டு. சாலையோரக் கடைகளில் எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்று வேளைதோறும் விசாரிக்கும் தொல்லை, சொந்த அடுப்பு உடன் வருமாயின் தீர்ந்துவிடும். அடுத்து, பிள்ளைகளின் வாப்பும்மா எங்களோடு இருக்கிறார்கள். வயது எழுபத்து நான்கு, மூச்சிரைப்பு உள்ளவர்கள். விடுதிகளின் கம்பளத் தூசியும் வாசனைத் தெளிப்பும் அவர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. பேரப்பிள்ளைகளோடு ஏரிக்கரையில் நாலு நாள் தங்கிவர வேண்டுமென்பது அவர்களின் நெடுநாள் ஆசை. “எனக்கு ஒரு கட்டில் போதும் வாப்பா, மத்ததெல்லாம் உங்க இஷ்டம்” என்றார்கள். அந்த ஒரு கட்டிலை முன்னிட்டே எங்கள் வேலை தொடங்கிற்று.

வாங்கிய அன்று வண்டியின் உட்புறம் பார்வைக்கு அழகாகவே இருந்தது. சுவரெங்கும் வெள்ளைச் சாயம். தரையில் புதிய விரிப்பு. மெத்தைகளுக்குப் பூப்போட்ட உறை. பின்சுவரின் கீழ்மூலையில் குத்தூசி ஒன்றை வைத்து மெல்ல அழுத்தினோம். அது பிடிவரை உள்ளே இறங்கிற்று. அந்த மூலையில்தான் கட்டில் வருவதாக இருந்தது.

இவ்வண்டிகளின் உடற்கூறு எளிமையானது. முக்கால் அங்குலக் கனமும் ஒன்றரை அங்குல அகலமும் உள்ள ரீப்பர் கட்டைகளாலான சட்டம். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு. உள்ளே அரைக்கால் அங்குலப் பிளைவுட். இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பஞ்சு. தகடுகள் சேரும் மூலைகளில் ஓர் அலுமினியப் பட்டை. அதனடியில் நீர் புகாதிருக்க மக்கு. ஐம்பது ஆண்டு வெயிலில் அந்த மக்கு உலர்ந்து வெடித்துவிடுகிறது. வெடிப்பில் புகுந்த நீர் மிச்சிகன் குளிர்காலத்தில் உறைகிறது. நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்குமாகையால், ஒவ்வோர் ஆண்டும் வெடிப்பு இன்னும் அகல்கிறது. கூரையின் காற்றுத் துவாரத்தருகே புகுந்த நீர் கட்டை வழியே ஓசையின்றி இறங்கி, பத்தடி தள்ளிச் சுவரின் அடிக்கட்டையில் தேங்குகிறது. நீர் புகுந்த இடம் ஒன்று. அழுகிய இடம் வேறொன்று. கறை தெரிந்த இடத்தில் மட்டும் பலகையை மாற்றுவோர் அடுத்த மழையிலேயே மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.

ஆகவே உள்ளே புதுப்பிக்கும் வேலை வெளியேதான் ஆரம்பமாகிறது. மூலைப் பட்டைகளையும் சாளரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய மக்கைச் சுரண்டி, பியூட்டைல் நாடாவை வைத்துத் திரும்பவும் முடுக்கினோம். அது என்றும் இளகிய நிலையிலேயே இருந்து, வண்டியின் அசைவுக்கு இடம் கொடுக்கும். சிலிக்கோனை நாங்கள் நாடவில்லை. அது ஒருமுறை ஒட்டிய இடத்தில் பிறகு வேறெதுவும் சரியாக ஒட்டுவதில்லை.

உட்சுவரைப் பிரிக்குமுன் இன்னொரு கடமை இருந்தது. அமெரிக்க வீடுகளுக்கான சாயத்தில் ஈயம் 1978இல்தான் தடை செய்யப்பட்டது. அக்காலத்து வினைல் தரையிலும் அதன் பசையிலும் கல்நார் கலந்திருக்கக்கூடும். உப்புத்தாளைக் கொண்டு தேய்க்கப் புகுந்தால் அந்தத் தூள் முதலில் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். ஆதலால் நனைத்து வெட்டிய சிறு துண்டுகளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, தீங்கில்லை என்ற முடிவு வந்த பிறகே தரையில் கை வைத்தோம்.

வெள்ளைச் சாயம் பூசிய பலகையைக் கழற்றியபோது பின்சுவரின் நிலை முழுவதும் வெளிப்பட்டது. அடிக்கட்டை கறுத்துப் பஞ்சாகியிருந்தது. அதன் மேலேயே எவரோ புதுப் பலகையை ஆணியடித்து, இணைப்பு தெரியாமல் பீடிங் வைத்து, அழகாகச் சாயமும் பூசியிருந்தார். அவர் கைத்திறன் உடையவர் என்பதில் ஐயமில்லை. அத்திறன் முழுவதையும் மறைப்பதிலேயே செலவிட்டிருந்தார் என்பதை எண்ணியபோதுதான் வருத்தமாயிருந்தது. வண்டியைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர், “நீங்களும் மேலே ஒரு பலகை அடித்துவிடுங்கள், யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?” என்றார். கேள்வி நியாயமானதே. ஒருவரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். ஆனால் மணிக்கு நூறு கிலோமீட்டர் விரைவில் சாலைக் குழியொன்றில் சக்கரம் இறங்கும்போது, அந்தச் சுவரின் பாரம் பஞ்சான கட்டையின் மேல்தான் விழும். இரவில் அதன் ஓரமாகத் தலை வைத்துப் படுப்பவர் பூஞ்சணம் கலந்த காற்றைத்தான் மூச்சாக இழுப்பார்.

கோடை முழுவதும் அந்தச் சுவருக்கே போயிற்று. பழைய பலகைகளைத் தூக்கி எறியாமல் அவற்றையே அச்சாக வைத்துப் புதியவற்றை அறுத்தோம்; இவ்வண்டிகளில் எந்த மூலையும் மூலைமட்டத்துக்குப் பொருந்துவதில்லை. புதுக் கட்டைகளைப் பசையும் திருகாணியும் கொண்டு இணைத்தோம். ஆணி மட்டும் அடித்தால் ஓட்டத்தின் அதிர்வில் மெல்லக் கழன்றுவரும். சட்டம் முடிந்ததும், உட்பலகை அடிக்குமுன், ஒருவர் வெளியே குழாயால் அரை மணி நேரம் நீர் பாய்ச்ச, மற்றவர் கைவிளக்கோடு உள்ளே அமர்ந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தோம். ஒரு சொட்டும் வரவில்லை. அதன் பிறகே கட்டைகளின் இடைவெளியில் தெர்மோகோல் பலகைகளை அளந்து வைத்தோம்.

மின்சாரம் இவ்வண்டிகளில் இருவகை. தங்குமிடத்துக் கம்பத்திலிருந்து வரும் 120 வோல்ட். வண்டியின் மின்கலத்திலிருந்து வரும் 12 வோல்ட். வோல்ட் குறைந்தது ஆபத்தற்றது என எண்ணுவோர் உளர். 24 வாட் விளக்கு 120 வோல்ட்டில் 0.2 ஆம்பியர்தான் இழுக்கும். 12 வோல்ட்டிலோ 2 ஆம்பியர். ஒரே வேலைக்குப் பத்து மடங்கு மின்னோட்டம். மெல்லிய கம்பியைப் போட்டால் அது பலகைக்குப் பின்னால் சூடேறும். போதாக்குறைக்கு, அமெரிக்க வீட்டு மின்சாரத்தில் கறுப்புக் கம்பி மின்னோட்டம் உடையது. கார்களிலோ கறுப்பு பெரும்பாலும் எதிர்முனை. ஆகவே ஒவ்வொரு கம்பியின் இரு நுனியிலும் பெயர்ச்சீட்டுக் கட்டினோம். முடிவில் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்துக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பின்பே பலகையை மூடினோம். தன் கையால் செய்வதென்றால் பிறர் கண்ணுக்குக் காட்டக் கூடாதென்று பொருளில்லையே!

அடுப்புக்கு வரும் புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். அதனால் அதன் எச்சரிக்கைக் கருவியைத் தரையருகே பொருத்தினோம். நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடுக்கான கருவியைப் படுப்போரின் தலையருகே வைத்தோம். குழாய் இணைப்புகள்தோறும் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் வேலையைப் பிள்ளைகள் விரும்பி ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு எழுந்தது எடைப் பிரச்சினை. அடுப்பு மேடைக்கு, வீட்டில் உள்ளதைப் போலக் கருங்கல் வேண்டுமென்றாள் மூத்த மகள். நாங்கள் மறுக்கவில்லை, கணக்குப் போடச் சொன்னோம். மூன்று செ.மீ. கனமுள்ள கருங்கல் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோ. பதினெட்டு மி.மீ. பிளைவுட் அதே பரப்புக்குப் பத்து, பதினோரு கிலோ. வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை காரின் கொக்கியில் அமர வேண்டும். 1,100 கிலோ வண்டிக்கு அது 110 முதல் 165 கிலோ. அச்சுக்குப் பின்னால் பாரம் கூடிக் கொக்கியில் குறைந்தால், வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கிக் காரையும் உடன் இழுத்துவிடும். எங்கள் அடுப்பு மேடை அச்சுக்குப் பின்னால்தான் இருந்தது. மகள் தாளைப் பார்த்தாள். “பலகையே போடுங்கள்” என்றாள். வேலை முடிந்ததும் லாரி எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, கொக்கியின் பாரம் அவ்வெல்லைக்குள் இருப்பதைப் பார்த்துக்கொண்டோம்.

இனிக் கட்டில். கடையில் மலிவாகக் கிடைத்தது மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. பசைகள் சிலவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் ஆவி நெடுநாள் கசியும்; கண்ணையும் மூச்சுக் குழலையும் அது எரிக்கும். 2005இல் கத்ரீனா புயலில் வீடிழந்தோருக்கு அரசு தந்த டிரெய்லர்களில் 519ஐச் சோதித்து, 2008இல் முடிவை அறிவித்தார்கள். உள்ளிருந்த காற்றில் நூறு கோடிப் பங்குக்குச் சராசரி 77 பங்கு அந்த ஆவி இருந்தது. புயலுக்குத் தப்பியோர், அடைக்கலம் தந்த கூரையின் கீழேயே மூச்சுக்குத் திணறினார்கள் என்பது எத்துணைக் கொடுமை! அதன் பின் 2010இல் சட்டம் பிறந்தது. 2018 முதல், பலகைகள் இத்தனைக்கு மேல் ஆவி வெளியிடலாகாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அவ்விதிக்கு உட்பட்டதென முத்திரையிட்ட பிளைவுட்டையே வாங்கினோம். விலை கூடுதல்தான். அதைக் கட்டிலாக்கிய பின்னும் ஆறு வாரம் சாளரங்களைத் திறந்தே வைத்தோம்.

சுவருக்கு மெருகேற்றிய நாட்கள்தாம் இவ்வேலையில் மிக இனியவை. அந்நாளைய வண்டிகளின் உட்சுவரில் காணும் தேன் நிறம், பிர்ச் பலகையின் மேல் அரக்கைப் பூசியதால் வந்தது. அரக்கு நம் இந்தியக் காடுகளில் மரக்கிளையைப் பற்றி வாழும் சிறு பூச்சியின் கொடை. அதை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிய துணியால் மூன்று முறை பூசினோம். வாப்பும்மா வாசலில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, “எங்க வீட்டுப் பழைய பெட்டகத்தோட நிறம்” என்றார்கள்.

செப்டம்பரில் மிச்சிகன் ஏரிக்கரையில் முதன்முறை தங்கினோம். நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டது. அலுமினியக் கூரையில் அது எழுப்பிய ஓசையில் எங்களுக்கு உறக்கமில்லை. கைவிளக்கை எடுத்துக்கொண்டு பின்சுவரின் அடியைத் தடவித் தடவிப் பார்த்தோம். காய்ந்தே இருந்தது. காலையில் வெளியே தேங்கிய நீரைக் கண்ட வாப்பும்மா, “ராத்திரி மழையா பெஞ்சுது?” என்று கேட்டார்கள்.

இவ்வண்டி என்றைக்காவது எங்கள் கையைவிட்டு வேறொரு குடும்பத்துக்குப் போகும். வாங்குவோர் காணப்போவது தேன்நிறச் சுவரைத்தான். பின்னாலிருப்பது அவர்களுக்குத் தெரியாது. அது எங்களிடம் உள்ள அமானிதம். ஆகையால் மூடுமுன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து, கம்பிகள் போகும் வழி, மாற்றிய கட்டைகள், மாற்றாமல் விட்டவை, எடைமேடையில் கண்ட எடை யாவற்றையும் ஒரு தாளில் எழுதி, உடை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறோம். முன்சுவரின் வலப்பக்க அடிக்கட்டை பழையதே. இப்போது உறுதியாக இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை குத்தூசியால் பார்க்கவும் என்பது அத்தாளின் கடைசி வரி.