நீர்கொழும்புப் பாதையில் ஒரு மழை நாள்



கொழும்பிலிருந்து நீர்கொழும்புக்குப் போகும் பழைய பாதையை உங்களில் பலர் அறிவீர்கள். மத்திய கிழக்குக்குப் போகும் கணவரையோ மகனையோ வழியனுப்ப அந்தப் பாதையால் கட்டுநாயக்க வரை போயிருப்பீர்கள். போகும்போது பேச்சும், திரும்பும்போது கண்ணீருமாக இருந்திருப்பீர்கள். 2013இல் அதிவேகப் பாதை திறக்கப்பட்ட பிறகு பலருக்கு இந்தப் பழைய பாதை மறந்தே போயிற்று.

எங்கள் வீடு மாபோலையில். இருபது வருடமாக இந்தப் பாதையால்தான் பஸ்ஸில் போய் வருகிறேன். வத்தளை, மாபோலை, வெலிசறை, கந்தானை, ஜாஎல, சீதுவை, கட்டுநாயக்க, குரணை என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பேன். ஆனால் அந்தப் பாதையை என் கால்களால் அளந்த நாள் ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. கொட்டும் மழையில் என் மூத்த மகனும் நானும் மரதன் ஓடினோம்.

"மௌலவி மரதன் ஓடுவதா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. எங்கள் மஹல்லாவிலும் சிரித்தார்கள். அதற்கான காரணத்தை முதலில் சொல்லி விடுகிறேன்.

என் மகனைப் பதினொரு வயதில் ஹிப்ழு மத்ரஸாவில் சேர்த்தேன். அவன் கேட்கவில்லை, நான்தான் சேர்த்தேன். நான் ஓர் உஸ்தாத், என் பிள்ளை ஹாபிழாகாமல் இருக்கலாமா என்ற எண்ணம். மற்றப் பிள்ளைகள் எத்தனை ஜுஸ்உ முடித்தார்கள் என்று வாரா வாரம் விசாரிப்பேன். இரண்டு வருடத்தில் ஒன்பது ஜுஸ்உ பாடமாக்கியவன், ஒரு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, "இனிப் போக மாட்டேன்" என்று சொல்லி விட்டான். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். பேச்சைக் குறைத்துக் கொண்டேன். சலாமும் பதில் சலாமும், "சாப்பிட்டாயா", "சாப்பிட்டேன்" என்பதுமாக ஆறு வருடங்கள் ஒரே கூரையின் கீழ் கழிந்தன. அவன் பாடசாலையில் ஓட்ட வீரனானான். கிண்ணங்கள் கொண்டு வந்தான். அவற்றை அவனுடைய உம்மாதான் துடைத்து அலுமாரியில் வைத்தாள்.

இதற்கிடையில் எனக்குச் சீனி வருத்தம் வந்தது. மாத்திரை எழுதிய டொக்டர், தினமும் நடக்க வேண்டும் என்றார். நான் தட்டிக் கழித்தேன். ஒரு நாள் சுபஹுக்குப் பிறகு என் மனைவி மகனை எழுப்பி, "வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போ" என்று மட்டும் சொன்னாள். எனக்கு ஒரு சோடி சப்பாத்தை வாசலில் வைத்திருந்தாள். மறுக்க வழியிருக்கவில்லை.

அப்படித் தொடங்கியதுதான். எங்கள் பக்கத்தில் பிரித்தானியர் காலத்தில், 1800களின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட ஹமில்டன் கால்வாய் ஓடுகிறது. அதன் கரையில் முதலில் நடந்தோம். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. எட்டு மாதத்தில் பத்துக் கிலோ மீற்றர் ஓடப் பழகினேன். பதினான்காம் மாதம், "வாப்பா, மரதன் ஒண்டு இருக்கு. ரெண்டு பேரும் பேர் குடுப்பமா?" என்று மகன் கேட்டான். ஆறு வருடத்தில் அவனாக என்னிடம் கேட்ட முதலாவது விடயம் அது. டொக்டரிடம் போய், ஆலோசனை பெற்று, பேர் கொடுத்தேன்.

பள்ளிவாசலில் கேலி செய்தவர்களுக்கு ஒரு ஹதீஸை நினைவூட்டினேன். ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அம்முறை அன்னையவர்கள் வென்றார்கள். பின்னர் அன்னையவர்களின் உடல் சற்றுப் பெருத்திருந்த காலத்தில் மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் வென்று, அன்றைய ஓட்டத்துக்கு இது ஈடாயிற்று என்று சொன்னார்கள். அபூதாவூதில் இது பதிவாகியிருக்கிறது. குடும்பத்தாரோடு ஓடுவது நமக்குப் புதியதல்ல, சகோதரிகளே.

மரதன் என்றால் 42.195 கிலோ மீற்றர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921இல் அதுவே நிரந்தர அளவாயிற்று. நாங்கள் ஓடியது கொழும்பு நகருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, களனி ஆற்றைக் கடந்து, நீர்கொழும்புக் கடற்கரையில் முடியும் ஓட்டம்.

அன்று கொள்ளுப்பிட்டிப் பள்ளியில் சுபஹ் தொழுது விட்டு வெளியே வந்தபோதே வானம் கறுத்திருந்தது. ஆறு மணிக்கு ஓட்டம் தொடங்க, மழையும் கூடவே தொடங்கியது. பருவ மழை இரண்டுக்கும் இடைப்பட்ட ஒக்டோபர் மழைக்கு நேரம் காலம் கிடையாது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நம் நாட்டில் ஓடுகிறவனுக்கு மழை ஒரு வகையில் ரஹ்மத்துத்தான். இங்கே ஓட்டக்காரனை வீழ்த்துவது வெயில். மழை உடம்பைக் குளிர்வித்து விடுகிறது. ஆனால் அதற்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. நனைந்த காலுறைக்குள் விரல்கள் ஊறிக் கொப்பளிக்கும். பருத்தித் துணி நீரை உறிஞ்சிக் கல்லாகக் கனக்கும். தொடைகளை உராய்ந்து புண்ணாக்கும். பாதையில் பூசிய வெள்ளைக் கோடுகள் வழுக்கும். இதெல்லாம் மகனுக்குத் தெரிந்திருந்தது. முதல் நாள் இரவே என் கால் விரல்களுக்கு வஸ்லின் பூச வைத்தான். முழங்காலுக்குக் கீழ் வரும் இலேசான களிசான் ஒன்றை வாங்கித் தந்தான். தாகம் தெரியாவிட்டாலும் மழையிலும் தண்ணீர் குடித்துக்கொண்டே போக வேண்டும் என்றான். மாணவனைப் போல் கேட்டுக் கொண்டேன்.

களனிப் பாலத்தை எட்டியபோது ஆறு செங்கபில நிறத்தில் நிறைந்து போனது. 2016 மே மாதத்தில் இதே ஆறு கரை புரண்டு, கொலன்னாவைப் பக்கம் எத்தனை வீடுகளை மூழ்கடித்தது! பஸ்ஸில் போகும்போது பாலம் அரை நிமிடம். ஓடும்போது அதன் முழு நீளமும் காலில் தெரிகிறது. வத்தளை கடந்து மாபோலைக்கு வந்ததும் என் இளைய மகள்மார் இருவரும் ஒரே குடைக்குள் நின்று, "வாப்பா! நானா!" என்று கூவினார்கள். என் மனைவி அங்கே இல்லை. நீர்கொழும்புப் பெரியமுல்லையில் இருக்கும் தன் ராத்தா வீட்டுக்கு முதல் நாளே போய் விட்டாள்.

வெலிசறைக்குப் பிறகு மேற்குப் பக்கம், வீடுகளுக்கும் கடைகளுக்கும் அப்பால், முத்துராஜவெல சதுப்பு நிலம் விரிந்து கிடக்கிறது. பாதையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. ஆனால் அன்று மழைக்காற்று அங்கிருந்த சேற்று வாசனையைக் கொண்டு வந்தது. இருபது வருடமாகப் பஸ் ஜன்னலால் எனக்குக் கிடைக்காத வாசனை அது.

கந்தானையிலிருந்து பாதை நெடுகத் தேவாலயங்கள். உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21இல் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயத்தில் அந்தக் கொடூரம் நடந்த பிறகு, தாடியோடும் தொப்பியோடும் இந்த ஊர்களின் வழியே நடந்து போக என் மனம் கூசியது. பஸ்ஸில் இருந்தால்கூடத் தலையைக் குனிந்து கொள்வேன். செய்தவர்கள் நம் பெயரைச் சூடிக்கொண்டு செய்தார்கள். இழந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அன்று மழைக்குள் ஓடும்போதும் அந்தக் கூச்சம் என்னோடு ஓடி வந்தது.

ஜாஎல தாண்டி, தண்டுகம் ஓயாப் பாலத்தையும் கடந்து, சீதுவையை நெருங்கினோம். இருபத்தேழு இருபத்தெட்டுக் கிலோ மீற்றர் ஆகியிருக்கும். எனக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. மழைக் குளிர் என்று நினைத்தேன். கண் முன்னே கடைப் பலகைகளின் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. களைப்பு என்று நினைத்தேன். மகன் ஏதோ கேட்டான். நான் சொன்ன பதில் எனக்கே விளங்கவில்லை.

"வாப்பா, நில்லுங்க. கைய நீட்டுங்க பார்ப்பம்."

"ஒண்டுமில்ல மகன், குளிர்தான். நீ ஓடு."

"இது குளிர் இல்ல. உங்களுக்குச் சீனி எறங்கிட்டு."

அப்போதுதான் நினைவு வந்தது. அன்று காலை மாத்திரையை எடுக்கக் கூடாது என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். விடிகாலை இருட்டில், பழக்க தோஷத்தால், பாணோடு அதையும் விழுங்கியிருந்தேன். தவறு முழுக்க என்னுடையது. சீனி அளவுக்கு மீறிக் குறைந்தால் நடுக்கம் வரும், குளிர்ந்த வியர்வை வரும், நாக்குக் குழறும், புத்தி தடுமாறும். வெயில் நாளென்றால் வியர்வையைப் பார்த்தாவது சந்தேகித்திருப்பேன். மழையில் எது வியர்வை, எது நீர்?

மகன் இடுப்பிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தான். இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக முடிச்சிட்ட குளுக்கோஸ் தூள். அவன் உம்மா கொடுத்து விட்டது. "வாப்பா கேட்க மாட்டார். நீ கவனி" என்று சொல்லி, அறிகுறிகளையும் அவனுக்குப் பாடமாக்கிக் கொடுத்திருந்தாள். அதை என் வாயில் போட்டு, தண்ணீரும் பருக்கினான்.

எதிர்வீட்டிலிருந்து வயதான அம்மையார் ஒருவர் குடையோடு ஓடி வந்தார். கழுத்தில் ஜெபமாலை. என் தொப்பியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். சிங்களத்தில், "மழையில் நிற்காதீர்கள், உள்ளே வாருங்கள்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் விறாந்தையில் கதிரை போட்டார். பழைய துவாய் ஒன்றால் போர்த்தினார். சீனி நிறையப் போட்ட தேநீர் கொண்டு வந்து, நான் குடித்து முடியும் வரை பக்கத்திலேயே நின்றார். வருத்தம் என்னவென்று கேட்டாரே தவிர, வேறொன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முதலுதவிக்காரர்களின் வேன் வந்தது. விரலில் குத்திப் பார்த்தார்கள். குளுக்கோஸும் தேநீரும் உள்ளே போன பிறகும் 64. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவுதான். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது நூறைத் தாண்டியிருந்தது. "நீங்கள் இனி ஓடக் கூடாது" என்றார்கள்.

மகன் என் பக்கத்தில் நின்று கொண்டிருந்தான். அவன் தனியே ஓடியிருந்தால் அந்நேரம் முடிக்கும் இடத்தை அடைந்திருப்பான். காலையிலிருந்து என் வேகத்துக்காகத் தன் கால்களைக் கட்டிப் போட்டுக்கொண்டு வந்தவன் அவன். ஒரு முறைகூட, "கொஞ்சம் கெதியா வாங்க" என்று சொல்லவில்லை. அவனுடைய பதினொரு வயதும், வாரா வாரம் நான் கேட்ட கேள்வியும் என் நினைவுக்கு வந்தன. தொண்டை அடைத்தது.

"நீ போ மகன்" என்றேன். "இவங்க என்னைப் பார்த்துக் கொள்வாங்க. நீ இனி உன்ட வேகத்துல போ."

அவன் தயங்கினான். முதலுதவிப் பெண் பிள்ளை தலையசைத்த பிறகுதான் பாதையில் இறங்கினான்.

என்னை ஏற்றிய வேன், வழியில் மேலும் சிலரை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போனது. கட்டுநாயக்கவைத் தாண்டிக் குரணைப் பக்கம் போகும்போது ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். முன்னே என் மகன் ஓடிக் கொண்டிருந்தான். தலை நிமிர்ந்து, தோள் தளர்ந்து, தேங்கிய நீரில் சப்பாத்துப் பட்டதும் தெரியாமல் அவ்வளவு இலகுவாக ஓடினான். பதினான்கு மாதம் பக்கத்தில் ஓடியிருக்கிறேன். அவன் ஓடுவதை அன்றுதான் பார்த்தேன். பாடசாலை மைதானத்துக்கு ஒரு நாளாவது போயிருந்தால் முன்பே பார்த்திருப்பேன். வேன் அவனைக் கடக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். யா அல்லாஹ், இவனை இவனுடைய பாதையில் நல்லவனாக ஆக்குவாயாக என்று மனம் தானாகவே துஆக் கேட்டது.

பெரியமுல்லையில் என் மனைவி கொத்தமல்லி அவித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் வேனிலிருந்து இறங்குவதைக் கண்டதும் முகம் வெளுத்தது. நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "பொட்டலம் நனையல்லயே?" என்பதுதான். "நனையல்ல" என்றேன். அதன் பிறகுதான் அழுதாள். ளுஹருக்கு முன் மகன் வந்து சேர்ந்தான். கழுத்தில் இருந்த பதக்கத்தைக் கழற்றி உம்மாவின் கையில் கொடுத்தான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் சீனி வருத்தக்காரர் ஒருவர் இருந்தால், நான் சொன்ன அறிகுறிகளைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அவர் வெளியே போகும்போது மூன்று தேக்கரண்டி சீனியையோ குளுக்கோஸையோ நனையாமல் கட்டிக் கையில் கொடுங்கள். உணர்வோடு இருப்பவருக்கே அதைப் பருக்கலாம்; மயங்கியவரின் வாயில் எதையும் போடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். மாத்திரையைக் கூட்டுவதையும் குறைப்பதையும் உங்கள் டொக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

அந்த அம்மையாரின் துவாயைக் கழுவி, ஒரு பெட்டி பேரீச்சம் பழத்தோடு கொண்டு போய்க் கொடுத்தோம். மறுபடியும் தேநீர் தந்தார். இம்முறை சீனி போடாமல்.

இப்போது என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு பக்கத்தைப் பாடமாக்க மூன்று நாள் எடுத்தால், மூன்று நாள் கொடுக்கிறேன். சுபஹுக்குப் பிறகு மகனும் நானும் இன்றும் கால்வாய்க் கரைக்குப் போகிறோம். அவன் ஓடுகிறான், நான் நடக்கிறேன். அவன் பாலம் வரை போய்த் திரும்பி வருவான். அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்டே வீட்டுக்கு வருகிறோம். அல்ஹம்துலில்லாஹ்.