தீப்பெட்டியிடம் விடை கேட்ட சித்தாந்தங்கள்

சர்வதேச அரசியல் பொருளாதாரத்தைப் போதிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட நான், விருதுநகர்ச் சீமைப் பிள்ளைகளுக்கு அதன் சித்தாந்தங்களை ஒப்பிட்டுக் காட்டும்போது, ராபர்ட் கில்பின் 1987-ல் வெளியிட்ட நூலில் விளக்கிய தாராளவாதம், தேசியவாதம், மார்க்சியம் என்னும் முப்பிரிவைக் கரும்பலகையில் எழுதுவதோடு நிற்பதில்லை. மூன்றையும் சிவகாசித் தீப்பெட்டியின் சரித்திரத்துக்கு முன்னே நிறுத்தி, ஒன்று விடை சொல்லத் தவறும் இடத்தில் மற்றொன்றை அழைப்பதே ஒப்பீட்டின் மர்மம் என்று நம்புகிறேன்.

முதலில் தாராளவாதத்தின் சார்பில் ரிக்கார்டோவை அழைப்போம். அவர் 1817-ல் விளக்கிய ஒப்பீட்டு அனுகூலத்தின்படி பார்த்தால், மழை குறைந்து வெயில் மிகுந்த பூமியும், விவசாயம் பொய்த்து வேலை தேடும் ஜனங்களும் இருக்கையில், குச்சியும் மருந்தும் உலர வேண்டிய தொழில் இங்கே வேரூன்றியது இயல்பே. ஆனால் அதே வெயிலும் அதே வறுமையும் முன்னரே இருந்த காலத்தில், நம் வீட்டு விளக்குகளை ஏற்றியவை ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்த குச்சிகள் அல்லவா?

இந்த வினாவுக்குத் தேசியவாதம் விடை தருகிறது. இளம் தொழில்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று 1841-ல் பிரெடரிக் லிஸ்ட் வாதித்தார். இங்கோ 1922-ல் சர்க்கார் தன் வருவாய்க்காக உயர்த்திய இறக்குமதி வரியே தீப்பெட்டித் தொழிலுக்குக் காப்பாயிற்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழிலைக் கற்றுத் திரும்பி, தம் ஊரில் அதைத் தொடங்கியதும் அக்காலத்திலேதான். எனினும் 1923-ல் ஸ்வீடிஷ் முதலாளிகள் விம்கோ என்னும் கம்பெனியை இந்தியாவுக்குள்ளேயே ஸ்தாபித்தனர். வரி சரக்கைத் தடுத்ததேயன்றி மூலதனத்தைத் தடுக்கவில்லை.

அந்தப் பெருமூலதனத்தின் எதிரே கைத்தொழிற்கூடங்கள் நிலைத்தது எவ்வாறு? சிறு உற்பத்தியாளருக்குக் கலால் வரியில் கிடைத்த சலுகை ஒரு காரணம். கட்டை எனப்படும் சட்டத்தில் குச்சிகளை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் உருப்படிக் கணக்கில் கூலி பெற்ற பெண்களின், குழந்தைகளின் மலிவான உழைப்பு மற்றொரு காரணம். இதை முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு மார்க்சியத்துக்கு உண்டு. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைக்கப்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. ஆயினும் சிறு முதல் பெருமுதலால் விழுங்கப்படும் என்ற மார்க்சிய எதிர்பார்ப்பு இங்கே எளிதில் பலிக்கவில்லை என்பதையும் மாணவரிடம் மறைக்கலாகாது.

ஆகவே, 1988-ல் சூசன் ஸ்ட்ரேஞ்ச் முன்வைத்த முறை எனக்கு மிகவும் உவப்பானது. பாதுகாப்பு, உற்பத்தி, நிதி, அறிவு ஆகிய நான்கிலும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதனால் லாபம் யாருக்கு என்று அவர் கேட்கிறார். கல்கத்தாப் பயணம் அறிவைத் தேடிய பயணமே என்பது அக்கேள்வியால்தான் துலங்குகிறது.

தீப்பெட்டிக்குப் போட்டியாக வந்த, இருபது ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023-ல் தடை செய்தபோது பழைய விவாதம் புதுப்பிறவி எடுத்தது. சுதந்திர வர்த்தகத்தைப் புகழ்வோரும் பாதுகாப்பை வேண்டுவோரும் வாதிடும் இடத்தில், மாணவர்களே, அந்தக் கொள்கையின் பலன் கட்டை அடுக்கும் பெண்ணின் கூலிக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்லாத சித்தாந்தத்தைப் பூரணமானதென்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.