அந்த இடைவெளியில் நான் பேசியது

குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரியில் கார்ட்டூன் சிறுமி டோராவையும் அவள் குரங்கு நண்பன் புஜ்ஜியையும் வைத்து ஒரு வீடியோ செய்தேன். டோராவுக்கு 19 வயது ஆக்கினேன். புஜ்ஜியைக் குடிகாரனாக்கினேன். அவன் வாயைத் திறந்தால் வசை. பெரியவர்கள் பார்ப்பதற்காகச் செய்தது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் குழந்தைகள் தேடினாலும் கிடைக்கிற மாதிரி அதற்குப் பெயர் வைத்தேன். தெரிந்தேதான் வைத்தேன். என் அக்கா மகளுக்கு அப்போது நாலு வயது. அவள் என் வீடியோவைத் தேடவில்லை. டோராவைத் தேடினாள். என்னுடையது வந்து நின்றது.

தீர்ப்பு உங்களுடையது. அதற்கு முழுக்கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் ஊர் வெள்ளகோவில். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். 2007-ல் குழந்தைகளுக்கான சுட்டி டிவி சேனல் வந்தபோது எனக்குப் பத்து வயது. அதில் வந்த டோராவின் பயணங்கள் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கானது. ஆனாலும் பார்த்தேன். தறி ஓடும்போது டிவி கேட்காது. சவுண்டைக் கூட்டி வைத்துவிட்டு, திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்ப்பேன். அமெரிக்காவில் 2000-ல் தொடங்கிய தொடர் அது. அங்கே டோரா ஆங்கிலத்துக்கு நடுவே ஸ்பானிஷ் வார்த்தைகளைச் சொல்லித் தருவாள். நம்மிடம் வந்தபோது தமிழில் பேசி ஆங்கிலம் சொல்லித் தந்தாள். எனக்குத் தெரிந்த முதல் இங்கிலீஷ் வார்த்தைகளில் பாதி அவள் கொடுத்தவை.

டோரா பார்த்தவர்களுக்கு ஒன்று நன்றாக நினைவிருக்கும். அவள் ஒரு கேள்வி கேட்பாள். பிறகு பேச மாட்டாள். நம்மைப் பார்த்தபடியே, கண்ணை இமைத்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சில நொடிகள் குழந்தை பதில் சொல்வதற்காக விடப்பட்டவை. நாம் பேசினாலும் பேசாவிட்டாலும் அடுத்து அவள் சந்தோஷப்பட்டுப் பாராட்டுவாள். ஆனால் பேசிய குழந்தைக்கு அது தெரியாது. தன் பதில் டோராவுக்குக் கேட்டுவிட்டது என்றே அது நினைக்கும். நரி வந்தால் திருடக்கூடாது என்று மூன்று தடவை கத்தச் சொல்வாள். கத்துவோம். நரி போய்விடும். நாங்கள் விரட்டியதாகவே நம்பினோம். அந்தத் தொடரில் மலையும் பாலமும் வரைபடமும் எத்தனை இருந்தாலும், அதன் உயிர் அந்த இடைவெளியில்தான் இருந்தது. பெரியவர் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டு, பொறுமையாகக் குழந்தையின் வாயைப் பார்ப்பது எங்கள் வீடுகளில் அபூர்வம்.

நான் கை வைத்தது அந்த இடைவெளியில்தான்.

திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டிசைனராக இருந்தேன். பனியனில் அடிக்கிற படங்களை கோரல்டிராவில் வரைவது வேலை. ராத்திரி வீட்டுக்கு வந்து யூடியூப் சேனல் நடத்தினேன். விளம்பரக் காசு வர வேண்டுமென்றால் அப்போது 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். ஒரு வருடத்துக்குள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தேன். பணத்துக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை ஆகாது. டீக்கடையில் என் வீடியோவை யாராவது பார்த்துச் சிரித்தால், அதைச் செய்தவன் நான் என்று தெரிய வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது. கர்வம்தான் அது.

வீடியோவில் டோரா வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும். வரைபடம் வழி சொல்லும்: காங்கேயம், படியூர், டாஸ்மாக். டோரா நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள். இமைப்பாள். பழைய தொடரில் இருந்த அதே அளவு மௌனத்தை அளந்து வைத்தேன். பார்ப்பவன் பழக்கத்தில் வாயெடுக்கப் போகும் நேரத்தில் புஜ்ஜி குறுக்கே ஒரு கெட்ட வார்த்தை சொல்வான். பெற்றவளை இழிவாக்குகிற வார்த்தை. ஒவ்வொரு கேள்விக்கும் அதே பதில். புஜ்ஜிக்குக் குரல் கொடுத்தது நான். குரலை மாற்றக்கூட இல்லை.

ஏற்றிய இரவைச் சொல்ல வேண்டும். தப்பு நடந்தது அப்போதுதான். அந்தச் சமயத்தில்தான் யூடியூப் ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கியிருந்தது. இது குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டதா, இல்லையா? அமெரிக்காவில் குழந்தைகளின் தகவல்களைச் சேகரித்த வழக்கில் 2019-ல் 17 கோடி டாலர் கட்டச் சம்மதித்த பிறகு வந்த ஏற்பாடு அது. இல்லை என்று அழுத்தினேன். அது உண்மை. அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்த வேண்டுமா? அங்கே கை நின்றது. வேண்டும் என்றால் வீடியோ பரவாது. அடுத்தடுத்துத் தானாக வரும் வரிசையில் வராது. சந்தாதாரர் கணக்கு அப்படியே நிற்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று அழுத்தினேன்.

பிறகு தலைப்பு. "டோரா புஜ்ஜி தமிழ்" என்று முதலில் போட்டேன். அப்படித்தான் அதிகம் தேடுகிறார்கள் என்று பார்த்து வைத்திருந்தேன். தேடுகிறவர்கள் யார் என்று அரை நிமிடம் யோசித்திருந்தால் போதும். இருபத்தைந்து வயது இளைஞனா டோராவைத் தேடுவான்? முகப்புப் படத்துக்கு என் 19 வயது டோராவை வைக்கவில்லை. பழைய டோராவையே வைத்தேன். பை, குட்டை முடி, பெரிய கண். பெரியவர்களுக்கான சரக்கைக் குழந்தையின் முகத்தால் மூடி வைத்தேன்.

இதற்கு என்னிடம் சமாதானங்கள் இருந்தன. ஷின்சான் கதையை எடுத்துப் பேசுவேன். அது 1990-ல் ஜப்பானில் பெரியவர்கள் படிக்கும் வார இதழில் வந்த படக்கதை. அதன் கார்ட்டூனை இங்கே பிள்ளைகள் டிவியில் பார்க்கவில்லையா என்பேன். ஆனால் 2008-ல் பெற்றோர் புகார் சொன்னதும் மத்திய அரசு அதை நிறுத்தியது, வெட்டித் திருத்திய பிறகே அது திரும்பி வந்தது என்பதைச் சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. எனக்கும் குழந்தைக்கும் நடுவே யாரும் இல்லை. டோராவையே வளர்த்திருக்கிறார்களே என்பேன். அதுவும் நிஜம்தான். 2009-ல் டோரா தொடரின் நிக்கலோடியன் சேனலும் மேட்டல் பொம்மைக் கம்பெனியும் வளர்ந்த டோரா வரப்போகிறாள் என்று அறிவித்தபோது அமெரிக்காவில் தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். சின்ன டோரா எங்கும் போகவில்லை, அவள் அப்படியே இருப்பாள் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 2014-ல் நகரத்துக்குக் குடிவந்த பெரிய டோராவுக்குத் தனித் தொடர், தனிப் பெயர். நம் ஊரில் நேர்மாறாகவும் நடந்தது. ஹைதராபாத்தில் சோட்டா பீமைச் செய்தவர்கள் 2019-ல் அவனைத் தவழும் குழந்தையாக்கி, அனேகமாக வசனமே இல்லாமல் ஒரு தொடர் கொடுத்தார்கள். அவர்கள் யாரும் ஒன்றுக்குள் இன்னொன்றை ஒளித்து வைக்கவில்லை. நான் வைத்தேன்.

அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது. பகலில் எங்கள் குடோனுக்குத் தறி ஓட்ட வருவாள். மகள் பாப்பாவை அமத்தாவிடம், அதாவது என் அம்மாவிடம், விட்டுவிட்டுப் போனையும் கொடுத்துவிட்டுப் போவாள். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தறியில் நூல் அறுந்தால் ஓடிப்போய்ப் போட வேண்டும். குழந்தை நாடாவுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. பாப்பாவுக்கு எழுதத் தெரியாது. மைக் படத்தை அழுத்தி "டோரா" என்பாள். வந்ததைப் பார்ப்பாள். சத்தத்தில் கேட்காது என்று போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வாள். கேள்வி வரும்போது எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பதில் சொல்வாள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ரசித்திருக்கிறேன்.

மாசி மாதம், சிவராத்திரி. வீரக்குமாரசாமி கோயில் தேருக்குச் சொந்தமெல்லாம் வந்திருந்தது. பெரியப்பா பாப்பாவைத் தூக்கித் திண்ணையில் நிறுத்தினார். "ஏனம்மிணி, சாமி கும்பிட்டயா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

பாப்பா அந்த வார்த்தையைச் சொன்னாள். என் ராகத்தில் சொன்னாள்.

அவள் யாரையும் திட்டவில்லை. கேள்வி கேட்டு ஒருவர் காத்திருந்தால் இதுதான் சொல்ல வேண்டியது என்று கற்றுக்கொண்டிருந்தாள். கற்றுக் கொடுத்தவன் நாலடி தள்ளி நின்றேன்.

அக்கா ஓடிவந்து அறைந்தாள். "ஆருடி சொல்லிக் குடுத்தது உனக்கு?" பாப்பா அழாமல் என்னைக் கைகாட்டினாள். "மாமாதான் புஜ்ஜி" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பெரியப்பா திட்டியிருப்பார். அப்பா நாலு நாள் பேசாமல் இருந்திருப்பார். அவ்வளவுதான். நான் சொன்னது இது: "எங்கிட்ட புஜ்ஜி மாதிரிப் பேசிக் காட்டச் சொல்லுவாக்கா, அதைச் சொல்றா. இது போன்ல வந்திருக்கும். மெட்ராஸ்ல எவனாவது போட்டிருப்பான்."

பாப்பா மறுபடியும் சொன்னாள். "இல்ல. மாமாதான்." பொய் வேறு சொல்கிறாயா என்று அக்கா இரண்டாவது முறை அறைந்தாள். முதல் அறைக்குக் காரணம் என் அலட்சியம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல முடியாது. கண் முன்னால் ஒரு குழந்தை உண்மை சொன்னது. அதைப் பொய் ஆக்கியது நான். பயம். அத்தனை பேர் முன்னால் அசிங்கப்படப் பயம்.

அன்று சாயங்காலம் அக்காவின் மாமியார், பிள்ளை வளர்த்த லட்சணம் என்று ஊரார் காதில் விழப் பேசினார். அக்கா பதில் சொல்லவில்லை. அவளுக்குப் பதில் தெரியாது. எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. தறிகள் நின்றன. எனக்கும் வேலை இல்லை. வீடு சத்தமில்லாமல் இருந்தது. அக்கா போனைத் தொடவிடாததால், பாப்பா டிவியில் டோரா பார்த்தாள். கேள்வி வந்தது. டோரா இமைத்துக்கொண்டு நின்றாள். பாப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டு அமத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை இல்லை. அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்க்கிற பார்வை. டோரா பாராட்டிவிட்டு நடந்தாள். அதன் பிறகு அவள் டோராவுக்குப் பதில் சொல்லி நான் கேட்கவே இல்லை. பெரியவர்கள் யாராவது ஏதாவது கேட்டாலும் அமத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விடுவாள். கூச்ச சுபாவம் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

அந்த நாட்களில்தான் 2019-ல் வந்த டோரா திரைப்படத்தைப் பார்த்தேன். அதில் டோராவுக்கு 16 வயது. காட்டில் வளர்ந்தவள் நகரத்துப் பள்ளிக்கு வருகிறாள். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். ஆனால் படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி. சாப்பாட்டு மேசையில் சின்ன டோரா சாப்பாடு ருசி என்பதற்கு ஸ்பானிஷில் ஒரு வார்த்தை சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லும்படி நம் பக்கம் திரும்பிக் கேட்கிறாள். அம்மாவும் அப்பாவும் இவள் யாரிடம் பேசுகிறாள் என்று புரியாமல் நம் பக்கம் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கான நகைச்சுவைதான் அது. நான் எடுத்த அதே இடைவெளியை அவர்களும் எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாலு வயதுக் குழந்தை அப்போதும் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லலாம். ஒரு கெடுதலும் இல்லை. படத்தை அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. வீடியோவை அன்றைக்குத்தான் நீக்கினேன். சிவராத்திரிக்கும் அன்றைக்கும் நடுவே சேனலில் 1,000 பேர் தாண்டியிருந்தார்கள். அதனால்தான் அதுவரை நீக்கவில்லை. இதையும் எழுதியாக வேண்டும்.

நீக்கியும் பயனில்லை. அதற்குள் வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெகுகாலம் கழித்து முத்தூர் ரோட்டில் ஒரு பேக்கரியில் பள்ளிக்கூடப் பையன்கள் போனைச் சுற்றி நின்று சிரித்தார்கள். என் குரல். எழுந்து வந்துவிட்டேன்.

அக்காவிடம் அந்த ஆடியில் சொன்னேன். தறி மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கரண்ட்டை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அக்காவின் போனில் இருந்தது அக்காவின் கணக்கு, வயதுக் கட்டுப்பாடு வைத்திருந்தாலும் வந்திருக்கலாம் என்று நடுவில் ஒரு சாக்கையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. "ரெண்டாவது தடவை அடிச்சனே, அப்ப நீ அங்கதானே நின்னே?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கிட்டச் சொல்லிட்டே. அவகிட்ட ஆரு சொல்றது?" என்றாள்.

பாப்பா இப்போது நாலாங்கிளாஸ். பள்ளிக்கூடம் விட்டு தினமும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள். வகுப்பில் கையைத் தூக்க மாட்டேன் என்கிறாள், பரீட்சையில் எழுதிவிடுகிறாள் என்று டீச்சர் சொன்னாராம். அதற்கு நான்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு உரிமை இல்லை. அந்தச் சிவராத்திரி அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டதில்லை. இருக்கிறது என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். நீ சொன்னது பொய் இல்லை, பொய் சொன்னவன் நான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அக்கா இதைப் படிப்பாள். அவள் மறுபடி கேட்பதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.