மேசை தேடி மொறட்டுவைக்கு

காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், இரத்மலானையைக் கடந்ததும் வீதியின் இருமருங்கும் வேறோர் உலகம் தொடங்குவதைக் காண்பர். கட்டில்களும் கதிரைகளும் அலுமாரிகளும் கடைகளை நிறைத்து, இடம் போதாமல் நடைபாதைவரை வந்து நிற்கும். மெருகெண்ணெயின் மணமும் மரத்தூளின் மணமும் காற்றிற் கலந்து வரும். கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தொலைவில், ஒருபுறம் கடலும் மறுபுறம் பொல்கொட ஏரியும் எல்லையாக அமைந்த மொறட்டுவை இதுவே. நம் மாணவர்க்கு இவ்வூரை அறிமுகஞ் செய்தது கட்டுபெத்தையிலுள்ள பல்கலைக்கழகம். குடும்பத் தலைவர்க்கோ தளபாடம்.

நான் அங்குச் சென்றது என் தமக்கையாரின் பொருட்டு. வலிகாமம் வடக்கிலுள்ள எங்கள் ஊரைவிட்டு 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வெளியேறிய குடும்பங்களுள் எங்களதும் ஒன்று. காணி மீண்டும் கைக்கு வந்தபோது 27 ஆண்டுகள் கழிந்திருந்தன. தந்தையார் கட்டிய வீட்டில் எஞ்சியிருந்தவை அத்திவாரமும் கிணறுமே. முற்றமெங்கும் வேம்பு வளர்ந்து காடாகியிருந்தது. அவ்விடத்திற் சென்ற ஆண்டு இரண்டு அறைகொண்ட சிறு வீடொன்று ஒருவாறு எழுந்து முடிந்தது. வீடு எழுந்ததேயன்றி, அதனுள் வைக்க ஒரு பொருளும் இல்லை.

"தம்பி, ஆடம்பரமாய் எனக்கு ஒண்டும் வேண்டாம். பாய் விரிச்சே காலம் போட்டுது. உடுப்பை எலி வெட்டாமல் வைக்க ஒரு அலுமாரி, பேத்தி இருந்து படிக்க ஒரு மேசை, ஏலுமெண்டால் ஒரு கட்டில். அது காணும்," என்று அக்கா தொலைபேசியிற் சொன்னார். அவர் சேர்த்து அனுப்பிய பணம் ஒன்றரை இலட்சம் ரூபா. அதற்குமேல் ஒரு சதமும் கடன்படக் கூடாதென்பது அவர் இட்ட கட்டளை.

இக்கட்டளையின் அருமையை நான் பட்டறிந்திருந்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலே பெரிய கடையொன்றில், பளபளப்பில் மயங்கி, இலகு தவணையில் ஒரு மேசை வாங்கினேன். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையின்மேல் தேக்கின் வரிகளை அச்சிட்ட தாளொன்றை ஒட்டியிருந்தனர். நிலத்தைக் கழுவுந்தோறும் அதன் கால்கள் நீரை உறிஞ்சி வீங்கின. ஆணிகள் பிடிப்பின்றிக் கழன்றன. கடைசித் தவணையைச் செலுத்திய மாதத்திலே மேசை குப்பை வண்டியேறிற்று. அத்தகைய பலகை எவ்விடத்திலும் ஆகாதென்று சொல்ல மாட்டேன். ஈரம் படாத சுவரில், பாரமின்றி நிற்கும் புத்தகத் தட்டுக்கு அது போதும். நிலத்தை நாளும் நீரால் துடைக்கும் நம் வீடுகளில், நிலத்தைத் தொட்டு நிற்கும் பொருளுக்கு அது ஏற்றதன்று.

ஒரு சனிக்கிழமை காலை வெள்ளவத்தையிற் புகையிரதம் ஏறினேன். தெகிவளை, கல்கிசை, இரத்மலானை, அங்குலானை, லுணாவை என நிலையங்கள் ஒவ்வொன்றாய்க் கழிந்தன. யன்னலோரம் இருந்தபடி வாங்கவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதியபோது ஓர் உண்மை புலப்பட்டது. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு என்னுஞ் சொற்கள் யாவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. லாச்சி ஒல்லாந்தர் தந்தது. நான் எழுதியவற்றுள் நமக்கே உரிய பழஞ்சொல் கட்டில் ஒன்றே. தச்சரையும் மேசனையும் இந்நாட்டார் 'பாஸ்' என்று மரியாதையாக அழைப்பதும் ஒல்லாந்த மொழி வழக்கே. மேனாட்டார் வேண்டிய வடிவங்களைச் செய்து பழகிய கரையோரத் தச்சரின் கைத்திறனே இவ்வூரின் முதல். ஏரியும் வாய்க்கால்களும் மரங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் வழிகளாயின. தொழில் தலைமுறை தலைமுறையாகத் தழைத்தது.

பெருவீதிக் கடையொன்றினுள் முதலிற் புகுந்தேன். இரட்டைக் கதவு அலுமாரியொன்று கண்ணைப் பறித்தது. "முழுத் தேக்கு" என்றார் விற்பனையாளர். விலை 1,65,000 ரூபா. பின்புறத்தைப் பார்க்க வேண்டுமென்று கேட்டேன். அவர் முகம் சற்றுச் சுருங்கிற்று. முன்கதவுகள் தேக்கே. பக்கங்கள் வேறு மரம். பின்புறம் மெல்லிய ஒட்டுப்பலகை. மூன்றையும் ஒரே நிறச்சாயம் ஒன்றாக்கியிருந்தது. சாயம் பூசிய தளபாடத்தின் உண்மையை அதன் முகம் கூறாது. முதுகும் அடிப்புறமுமே கூறும். வாங்கச் செல்வோர் லாச்சியை முழுவதுமாக வெளியே இழுத்து அதன் உட்புறத்தையும், மேசையைக் கவிழ்த்து அதன் அடியையும் பார்ப்பதற்கு வெட்கப்படலாகாது.

பின்னர்ப் பெருவீதியை விட்டு, ஏரிப்பக்கமாகச் செல்லும் ஒழுங்கைகளில் நடந்தேன். உண்மையான மொறட்டுவை அங்கேதான் இருக்கின்றது. வீட்டுக்கு வீடு ஒரு பட்டறை. தகரக் கூரையின்கீழ் வாளும் உளியும் சீவுளியும் இடையறாது ஒலிக்கின்றன. ஒரு வீட்டில் கதிரைக்கால் மட்டும் கடைகின்றனர், அடுத்த வீட்டில் பிரம்பு பின்னுகின்றனர், மற்றொன்றில் மெருகிடுகின்றனர். சாயம் பூசப்படாத பொருளை வாங்குவோர் இங்கு வரவேண்டும். மரத்தை மரமாகவே காணலாம். கடை வாடகையும் விளம்பரச் செலவும் விலையில் ஏறா.

அத்தகைய பட்டறையொன்றில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாஸைச் சந்தித்தேன். இளமையில் வவுனியாவிலே தொழில் செய்தவராம். தமிழ் தடையின்றி வந்தது. நான் என் தேவையையும் கையிருப்பையும் ஒளிக்காமற் கூறினேன். அவர் உடனே விலை சொல்லவில்லை. "வீடு எங்கே, சேர்?" என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றதும் சற்று யோசித்தார். பின் சுவரோரம் அடுக்கியிருந்த பலகைகளைக் காட்டி ஒரு பாடமே நடத்திவிட்டார்.

அறுத்த பலகையில் நடுப்பகுதியின் கருநிறம் வயிரம். ஓரத்து வெண்ணிறம் வெளிறு. பூச்சி முதலில் நாடுவது வெளிறையே. தேக்கு நெய்ப்பசையுடையது, நீரையும் கறையானையும் எளிதில் அண்டவிடாது, ஆயின் விலை மிகுதி. முதிரையும் கருங்காலியும் நம் பாட்டனார் காலத்துச் செல்வங்கள், மெல்ல வளர்பவை, இன்று அருகிவிட்டன. பலா, அறுத்தபோது மஞ்சளாயிருந்து, ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாக முதிர்கின்றது, உறுதியிற் குறைந்ததன்று. மகோகனி அலுமாரிக்கு ஏற்றது, இழைப்புக்கு இணங்கும், தேக்கினும் மலிவு. இறப்பர் மரமோ 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்தபின் எவ்வாறாயினும் தறிக்கப்படுவது. முன்னாளில் விறகாகிய அம்மரம் இன்று கதிரையாகின்றது. அதில் மாச்சத்து மிகுதியாதலாற் பூச்சி விரைவில் துளைக்கும். அறுத்தவுடன் போரன் சேர்ந்த மருந்துநீர் ஊட்டி உலர்த்தியதா என்று கேட்டே வாங்க வேண்டும்.

இவ்விடத்திற் காட்டைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். இந்நாட்டின் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரந்தறிப்பது 1990ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. அதன்பின் நாம் வாங்கும் உள்நாட்டு மரத்திற் பெரும்பகுதி வீட்டுத் தோட்டங்களிலிருந்தும் நட்டு வளர்த்த தோப்புகளிலிருந்துமே வருகின்றது. பலா, ஈரப்பலா போன்ற உணவு தரும் மரங்களை அனுமதியின்றித் தறிக்கலாகாதென 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் காக்கின்றது. ஆதலால் மரம் எங்கிருந்து வந்ததென்று வினவுவதும், பற்றுச்சீட்டில் மரத்தின் பெயரை எழுதித்தரச் சொல்வதும் வாங்குவோன் கடமையாகும். களவுமரம் மலிவாகக் கிடைக்கலாம். அதன் மீதி விலையைக் காடு செலுத்துகின்றது.

அடுத்துப் பொருத்துகளைக் காட்டினார். ஒரு சட்டத்தின் நுனியை நாக்குப்போற் செதுக்கி, மற்றைச் சட்டத்தின் துளையுட் செலுத்தி, குறுக்கே மர ஆணி அறைவது பழைய முறை. இரும்பாணி மட்டும் அறைந்த கால் நாளடைவில் ஆடும்; இது ஆடாது. அலுமாரி ஒன்றை அவர் என் கண்முன்னே பிரித்தும் காட்டினார். ஆப்புகளைத் தட்டி எடுத்ததும் முடி, அடி, பக்கங்கள், கதவுகள் எனத் தனித்தனியாயிற்று. கால்மணி நேரத்தில் மீண்டும் அலுமாரியாய் நின்றது.

அக்காட்சி என் நெஞ்சைத் தொட்டது. 1990இல் நாங்கள் ஊரைவிட்டு வந்தபோது உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்ற முடிந்த தளபாடம் ஒரேயொரு வேப்பமர வாங்குதான். தந்தையாரின் முதிரை அலுமாரி வாயிலைக் கடக்க மாட்டாமல் அங்கேயே நின்றுவிட்டது. அதைப் பிரிக்க முடியுமென்பது எங்களில் ஒருவர்க்கும் அன்று தெரியாது. தெரிந்திருப்பினும் அதற்கு நேரமிருந்ததோ என்னவோ! அந்த வாங்கோ எத்தனையோ வாடகை வீடுகளுக்கு எங்களோடு கூடவே வந்தது. ஒருமுறை கால் ஒன்று பிளந்தது, புதிய கால் பொருத்தினோம், இன்றும் நிற்கின்றது. திருத்தக்கூடிய பொருளே மலிவான பொருள் என்பதை அந்த வாங்கு எங்களுக்குக் கற்பித்தது.

முடிவில் நான் கட்டிலைப் பற்றிக் கேட்டேன். பாஸ் சிரித்தார். "உங்கள் ஊரில் வேம்பு இல்லையா, சேர்?" என்றார். வீடு கட்டும்போது முற்றத்தில் நின்ற இரண்டு வேம்புகளைத் தறிக்க நேர்ந்ததும், அவற்றை அக்கா விறகுக்கு விற்க மனமின்றிப் பலகையாய் அறுப்பித்து அடுக்கி வைத்திருப்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. "பிறகு ஏன் இங்கேயிருந்து கட்டில்? லொறிக் கூலி வீண். வேம்பைப் பூச்சி தின்னாது. ஊர் பாஸிடம் கொடுங்கள்," என்றார். தம் வியாபாரத்தைத் தாமே குறைத்துக்கொண்ட அம்மனிதரை அதன்பின் நான் முழுதும் நம்பினேன்.

கணக்கு இவ்வாறு அமைந்தது: மகோகனி அலுமாரி 92,000 ரூபா, பலாப்பலகை மேசை 26,000, லொறிக் கூலி 14,000, ஊர்த் தச்சரின் கட்டிற் கூலிக்கு மிஞ்சியது 18,000. ஒன்றரை இலட்சம் ஒரு சதமும் கூடாமற் சரியாயிற்று.

ஒரு தடை மாத்திரம் இருந்தது. மேசைக்குரிய பலாப்பலகை இன்னும் நன்றாக உலரவில்லை. "இப்போதே செய்து தரலாம். இங்கே ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் போனதும் சுருங்கி வெடிக்கும். இரண்டு மாதம் பொறுங்கள்," என்றார். ஈரலிப்பான தென்மேற்குக் கரையிற் செய்த பொருள் வரண்ட வடக்கே போய்ப் பிளப்பதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. பலகையின் கனம் ஓர் அங்குலமாயின், நிழலில் ஓராண்டு உலர வேண்டுமென்பது தச்சர் வழக்கு. அவசரப்படும் வாடிக்கையாளனும் அவசரப்படும் தச்சனும் கூடியே கெட்ட மேசையைச் செய்கின்றனர்.

தயக்கத்தோடு அக்காவுக்குச் செய்தி சொன்னேன். பேத்திக்கு மார்கழியிற் பரீட்சை. மேசை அதற்குள் வருமோ என்பதே என் கவலை. அவர் சற்றும் கலங்கவில்லை. "இருபத்தேழு வருசம் பொறுத்தனாங்கள், தம்பி. இரண்டு மாதம் பெரிசே? அதுவரைக்கும் பிள்ளை வாங்கில புத்தகத்தை வைச்சுப் படிக்கட்டும்," என்றார்.

சொன்ன நாளுக்கு நான்கு நாட்கள் பிந்தி, கார்த்திகை மழைக்கு நடுவே, லொறி ஊரை அடைந்தது. விடுமுறையில் நான் சென்றபோது அலுமாரி அறையின் மூலையில் நின்றது. வேப்பமரக் கட்டில் மெருகின்றியே அழகாயிருந்தது. யன்னலோரத்து மேசையில் ஒரு பிளவும் இல்லை. அதன் அருகே புதுக் கதிரைக்குப் பதிலாக அந்தப் பழைய வாங்கு போடப்பட்டிருந்தது. பேத்தி அதிலிருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

தளபாடம் வாங்க விரும்பும் குடும்பத்தார்க்கு நான் கூறக்கூடியது சிறிதே. வீட்டின் வாயிலையும் அறையையும் அளந்தபின் கடைக்குச் செல்க. உள்ள பொருளைத் திருத்த முடியுமா என்று முதலிற் பார்க்க. பத்துப் பொருளைக் கடனுக்கு வாங்குவதினும் இரண்டு பொருளைக் கைப்பணத்துக்கு வாங்குதல் நன்று. முகத்தைப் பாராது முதுகைப் பார்க்க. பலகை உலரும்வரை பொறுத்திருக்க.

முற்றத்தில் வேம்பு நின்ற இடத்துக்கு அப்பால், சுவரைத் தொடாத தூரத்தில், அக்கா இரண்டு வேப்பங்கன்றுகள் நட்டிருக்கின்றார். "இது ஆருக்கு அக்கா?" என்று கேட்டேன். "பேத்தியின்ரை பிள்ளையளுக்கும் கட்டில் வேணுமெல்லோ," என்றபடி தண்ணீர் வாளியை எடுக்கக் கிணற்றடிக்குப் போனார்.