தோப்புக்கரணமும் 20 கிலோ ராடும்

எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் சாயங்காலத் தீபாராதனை முடிந்ததும் தோப்புக்கரணப் போட்டி நடக்கும். சிறுமிகள் நாங்கள் வரிசையாக நின்று காதைப் பிடித்துக்கொள்வோம். பூசாரித் தாத்தா “போதும் புள்ளைகளா, பிள்ளையாரே அசந்துட்டார்” என்று சொல்கிறவரை நிறுத்த மாட்டோம். குதிகால் தரையைவிட்டுக் கிளம்பாது. கெண்டைக்கால் சதையில் தொடை வந்து உட்காரும். அங்கிருந்து ஒரே மூச்சில் எழுவோம். முட்டி என்று ஒன்று இருப்பதே அந்த வயதில் யாருக்குத் தெரியும்?

இப்போது நான் போகும் ஜிம்மில் இருபது வயதுப் பையன்களுக்கே அவ்வளவு கீழே போக வருவதில்லை. கணுக்கால் மடங்காது. குதிகாலுக்கு அடியில் சின்ன பிளேட் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் ஸ்குவாட்டுக்கு உட்காருகிறார்கள்.

அப்பத்தா நாளில் பாதியைக் குத்தவைத்தே கழித்தவள். பாத்திரம் தேய்ப்பது, வறட்டி தட்டுவது, களை எடுப்பது எல்லாம் அப்படித்தான். தண்ணீர்க் குடத்தை அவள் தூக்குவது கண்ணில் நிற்கிறது. முதலில் முட்டியை மடக்கிக் குடத்தைத் தொடைமேல் ஏற்றுவாள். அங்கே ஒரு நொடி நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு இடுப்புக்குக் கொண்டுவருவாள். எங்கள் ஊர்ப் பக்கம் இளவட்டக்கல்லைத் தூக்குகிறவர்களும் இதையேதான் செய்வார்கள். கல்லைக் கட்டிப்பிடித்து முட்டிக்கு, முட்டியிலிருந்து மாருக்கு, மாரிலிருந்து தோளுக்கு, பிறகு பின்பக்கமாக எறிதல். வழவழவென்ற அந்த உருண்டையில் விரல் பிடிக்க ஒரு பொளிவுகூட இருக்காது. கையால் தூக்குவதாகத்தான் வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். தூக்குவது தொடையும் புட்டமும் முதுகும். தென்மாவட்டங்களில் பொங்கலையொட்டி இன்றும் இந்தப் போட்டி நடக்கிறது. சில ஊர்களில் பெண்களும் தூக்குகிறார்கள்.

அதற்காக, “அந்தக் காலத்துப் பொம்பளைங்க வேலை செஞ்சே உடம்பை இரும்பா வச்சிருந்தாங்க” என்று யாராவது தொடங்கினால் என்னால் தலையாட்ட முடியாது. அறுபது வயதில் அப்பத்தாவின் முதுகு வளைந்துவிட்டது. அவள் தூக்கிய எடையை அவள் தீர்மானிக்கவில்லை. ஓய்வு நாள் என்று ஒன்று அவளுக்கு இருந்ததில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் அவள் சாப்பாடு. பயிற்சி என்றால் எடைக்கு அளவு வேண்டும், நடுவில் ஓய்வு வேண்டும், வயிற்றுக்குச் சோறும் பருப்பும் முட்டையும் வேண்டும். மூன்றும் இல்லாமல் சுமந்தது உழைப்பு. அது உடம்பைத் தின்றது.

அம்மாவுக்கு நேர்மாறு. மேடையில் கேஸ் அடுப்பு, சோபா, டைனிங் டேபிள், உட்காரும் கழிப்பறை. தரையில் உட்கார வேண்டிய தேவையே வீட்டில் இல்லாமல் போனது. அவள் சுகப்படட்டும் என்றுதான் ஒவ்வொன்றாக வாங்கினோம். கல்யாண வீட்டில் பந்திப் பாயில் உட்கார்ந்துவிட்டு எழ அவளுக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் குளியலறையில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்து பிசியோதெரபிஸ்ட் பெண் அவளுக்குக் கொடுத்த பயிற்சி: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழு, மெதுவாக உட்கார், மறுபடி எழு. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காதைப் பிடிக்காத தோப்புக்கரணம்தான் அது.

அப்போது நான் ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தேன். செஸ்ட் பிரஸ், லாட் புல்டவுன், டம்பெல், காலுக்கு லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின். ஸ்குவாட்டும் டெட்லிஃப்ட்டும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு அங்கிருந்த டிரெய்னர், “லேடீஸுக்கு எதுக்கு மேடம், முதுகு போயிடும். ட்ரெட்மில் போதும்” என்றார். இதே பதிலை என் தோழிகள் வேறு வேறு ஊர்களில் கேட்டிருக்கிறார்கள். இது பெரிய அநியாயம். 2000-இல் சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கியதை நாங்கள் ஹாஸ்டல் டிவியில் நின்றுகொண்டே பார்த்தோம். ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளுதூக்குதல் சேர்க்கப்பட்டதே அந்த ஆண்டுதான். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்.

பிறகு வேறு ஜிம்முக்கு மாறினேன். அங்கே மாஸ்டர் பழைய பளுதூக்கும் வீரர். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ, தங்கம். தொடையில் பட்ட காயத்தோடு போய் 2018 கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோ, மறுபடியும் தங்கம். எல்லாம் அவருக்கு விரல்நுனியில். “தோளைப் பார்த்துக் கைதட்டுவாங்க மேடம். தூக்கினது தொடை” என்பார்.

என்னுடைய பயிற்சி அட்டையைப் பார்த்துவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார். “மெஷின்ல காலை நீட்டுறீங்க, அது தொடை முன்பக்கத்துக்கு மட்டும் வேலை. தரையிலேர்ந்து எந்திரிக்கும்போது ஒரே ஒரு தசையாலயா எந்திரிக்கிறீங்க?”

முதலில் ஒரு கம்பைக் கொடுத்தார். பின்தலை, மேல்முதுகு, வாலெலும்பு மூன்றிலும் அது பட்டபடியே இருக்க, முட்டியை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். மூன்றில் ஓரிடம் விட்டாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். சுவருக்கு ஓரடி முன்னால் நிறுத்தி, புட்டத்தால் சுவரைத் தொடச் சொன்னார். அது பழகிய பிறகுதான் ராடு. வெறும் ராடே 20 கிலோ. ஸ்குவாட்டில் அதைக் கழுத்தெலும்பின்மேல் வைக்கக்கூடாது, அதற்குக் கீழே தோள்பட்டைச் சதைமேல் உட்கார வேண்டும். உள்ளங்கையில் அதன் சொரசொரப்பு உறுத்தும்.

டெட்லிஃப்ட்டில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. போட்டிக்கான பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதை மாட்டினால் ராடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். புதியவர்கள் மாட்டுவதோ சின்ன பிளேட். ராடு தரையோடு தரையாகக் கிடக்கும், அதை எட்டுவதற்குள் முதுகு கூன் போட்டுவிடும். மாஸ்டர் இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்து ராடை உயர்த்திக் கொடுத்தார். பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே ராடு, கால் முன்னெலும்பை உரசியபடி மேலே வர வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாள்தான். ஒருநாள் ஸ்குவாட், இன்னொரு நாள் டெட்லிஃப்ட், மூன்று செட், செட்டுக்கு ஐந்து. நடுவில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு. உடம்பு களைப்பதற்கு முன்பே இவற்றை முடித்துவிட்டு மற்றவற்றுக்குப் போக வேண்டும். லெக் எக்ஸ்டென்ஷனை அட்டையிலிருந்து அடித்துவிட்டார். எல்லா செட்டும் சுத்தமாக வந்தால் அடுத்த முறை இரண்டரை கிலோ கூடும், வராவிட்டால் அதே எடை. முதல் சில வாரங்களில் எடை வேகமாகக் கூடும். தசை வளர்ந்துவிட்டதென்று அதற்கு அர்த்தமில்லை, இருக்கிற தசையை நரம்பு முழுதாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கிறது. தசைநாண்கள் பலப்பட இன்னும் நாளாகும். அதனால்தான் அவசரம் கூடாது என்பது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கும்போது தொடை கத்தும், பிறகு அடங்கிவிடும்.

என் வயதுப் பெண்களுக்கு எலும்புதான் முக்கியம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைய, எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தார் 58 வயதைத் தாண்டிய, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு பிரிவினர் எட்டு மாதம், வாரம் இருமுறை, அரைமணி நேரம் பயிற்சியாளர் மேற்பார்வையில் டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்குமேல் தூக்குதல் ஆகியவற்றைக் கனமான எடையில் செய்தார்கள். அவர்களுக்குக் கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்றப் பிரிவினருக்கு 1.2 சதவீதம் குறைந்தது. முதுகு போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறாள். நாற்காலிப் பயிற்சியை விடவில்லை.

நாற்பதைத் தாண்டி ஜிம்முக்குப் போகும் பெண்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, குடலிறக்கம், முதுகுத்தண்டுப் பிரச்சினை ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். மூச்சை அடக்கித் தூக்கும்போது அழுத்தம் ஏறும். அவர் சரி என்றால் ட்ரெட்மில்லை விட்டு இறங்கி, ஸ்குவாட் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த மாஸ்டர் யார் என்று விசாரியுங்கள். மாட்டேன் என்று சொல்கிற ஜிம்மை மாற்றுங்கள்.