திருநல்லத்துச் சுவரில் ஒரு குடும்பம்

கோனேரிராஜபுரம் வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக நடராஜர் சந்நிதிக்குத்தான் போகிறார்கள். அந்தத் திருமேனியின் பிரம்மாண்டம் அப்படி. அதன் கதையும் அப்படி. எத்தனை முறை வார்த்தும் சிலை சரியாக வராமல் சிற்பி தவித்துக் கொண்டிருந்தாராம். அந்த நேரத்தில் வயதான தம்பதி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்க, "உருக்கிய குழம்புதான் இருக்கிறது, குடியுங்கள்" என்று எரிந்து விழுந்தாராம். அவர்கள் அதை வாங்கிக் குடித்துவிட்டு ஆடவல்லானாகவும் அம்மையாகவும் நின்றார்களாம். குருக்கள் கதையைச் சொல்லி, தீபத்தை உயர்த்தித் திருமேனியில் உள்ள மச்சத்தையும் காட்டுவார். பக்தர்கள் சிலிர்த்துப் போய், திருநீறு வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுவார்கள்.

இந்தக் கோயிலில் இன்னொரு மூலை இருக்கிறது. தெற்குச் சுவரில் சிறிய புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. தேவகோட்டத்துப் பெரிய உருவங்களைப் பார்த்துக்கொண்டு போகிற கண்ணுக்கு எளிதில் அகப்படாது. சிவலிங்கம் ஒன்று, அதற்குப் பூசை நடக்கிறது, எதிரே கைகூப்பியபடி ஓர் அரசர். போர்க்கோலம் இல்லை, வாள் இல்லை. வணங்குவதைத் தவிர வேறு வேலை எதுவும் இல்லாத மனிதராகச் சிற்பி அவரைச் செதுக்கியிருக்கிறார்.

அவர் யார் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. சிற்பத்தை ஒட்டியே கல்வெட்டு இருக்கிறது. கண்டராதித்த தேவரின் தேவியாரான செம்பியன் மாதேவியார், தம் திருமகனார் மதுராந்தக தேவரான உத்தம சோழர் அரசாளும் காலத்தில், தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் திருநல்லமுடையாருக்குக் கற்றளி எடுப்பித்தார். அந்தக் கற்றளியிலேயே இறைவன் திருவடியைத் தொழுகிறவராக எழுந்தருளுவிக்கப்பட்ட கண்டராதித்தர் இவர் என்கிறது அது. கணவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, மகன் அரியணையில் இருக்கும்போது, மனைவி இறைவனுக்குக் கோயில் எடுக்கிறார். அந்தக் கோயிலின் சுவரிலேயே கணவரை என்றென்றைக்கும் இறைவன் முன் நிறுத்துகிறார். திருநல்லம் என்பது இந்த ஊரின் தேவாரப் பெயர். செங்கல் கோயிலாக இருந்ததைக் கல்லாக மாற்றியவர் செம்பியன் மாதேவி. வேலையை நடத்திய ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனின் பெயரும் இங்கே கல்லில் உண்டு. அவருக்கு இராசகேசரி மூவேந்த வேளான் என்ற பட்டம் கிடைத்தது. கட்டடம் கட்டியவரை இப்படிப் பெயர் சொல்லிக் கௌரவித்த கோயில்கள் நம் நாட்டில் மிகச் சில.

செம்பியன் மாதேவி காவிரிக்கு வடகரை மழநாட்டுத் தலைவரான மழவரையரின் மகள். சோழ இளவரசரை மணந்தவர். கண்டராதித்தருக்கு வீரநாரணி என்ற இன்னொரு தேவியும் உண்டு. சோழர் வீட்டுத் திருமணங்களில் பெரும்பாலும் அரசியல் கலந்தே இருந்தது. மழவரையர், பழுவேட்டரையர், இருங்கோளர், மலையமான் ஆகிய குடிகளோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்துத்தான் தஞ்சையின் அதிகாரம் காவிரிக்கு இருபுறமும் வேரூன்றியது. கண்டராதித்தர் சிவபக்தர், தில்லைக் கூத்தன் மேல் அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அவர் அரியணையில் இருந்த காலம் குறைவு. 957-ஐ ஒட்டி மறைந்தார். பட்டம் தம்பி அரிஞ்சயனுக்குப் போனது, பிறகு அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழனுக்கு. கண்டராதித்தரின் மகன் 970 வாக்கில்தான் உத்தம சோழனாக முடி சூடினான்.

இந்த இடத்தில் அறிஞர்கள் மோதிக்கொள்கிறார்கள். சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பிறகுதான் உத்தமன் அரசுக்கு வந்தான். அந்தக் கொலையில் அவனுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று நீலகண்ட சாஸ்திரியார் கருதினார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. வலுவான வாதம் பண்டாரத்தாருடையதே. உடையார்குடிக் கல்வெட்டில் துரோகிகளாகப் பெயர் வருகிறவர்கள் ரவிதாசன் முதலான அதிகாரிகள்; உத்தமன் பெயர் அங்கே இல்லை. சிற்றப்பன் உத்தமன் ஆள விரும்பும்வரை, ஆதித்தனின் தம்பி அருள்மொழி, அதாவது பிற்கால ராஜராஜன், அரியணையை மனத்தாலும் விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ராஜராஜன் தன் மகனுக்கு வைத்த இயற்பெயர் மதுராந்தகன். பின்னாளில் ராஜேந்திரன் ஆனது அந்தப் பிள்ளைதான். உத்தமனின் மகன் கண்டராதித்தன் ராஜராஜனின் ஆட்சியில் கோயில் கணக்குகளை விசாரிக்கும் உயர் அதிகாரியாக இருந்தான். அண்ணனைக் கொன்றவன் என்று நம்பியிருந்தால், அவன் பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்து, அவன் மகனிடம் கோயில் கணக்கையும் யாராவது ஒப்படைப்பார்களா?

இரண்டு கிளைகளும் பகையாகிப் பிரியாமல் நின்றதற்கு மூத்த அரசி செம்பியன் மாதேவியின் மீதிருந்த மரியாதை முக்கியக் காரணம். அவர் பெயரில் கிடைக்கும் கல்வெட்டுகள் ஏறக்குறைய 941-இல், மாமனார் பராந்தகன் காலத்தில் தொடங்குகின்றன. 1001-இல், ராஜராஜன் காலத்தில் முடிகின்றன. ஆறு அரசர்களின் ஆட்சியைப் பார்த்தவர் அவர். சுந்தர சோழன் இறந்தபோது அவன் தேவி வானவன் மாதேவி பால்மணம் மாறாத குழந்தையைப் பிரிந்து தீப்பாய்ந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. அதே வீட்டில் செம்பியன் மாதேவி கணவருக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் எழுந்தவைதான் திருநல்லம், ஆடுதுறை, குத்தாலம், திருவாரூர் அறநெறி, விருத்தாசலம், திருக்கோடிக்காவல், திருவக்கரை என்று நீளும் கற்றளிகள். மழவரையர் மகளார், கண்டராதித்தர் தேவியார், உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார் என்று பிறந்த வீடு, புகுந்த வீடு, பெற்ற பிள்ளை மூன்றையும் சேர்த்தே அந்தச் சுவர்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன.

மருமகள்களும் அவரைக் கொண்டாடினார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் கீழ்வேளூருக்கு அருகே அவர் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில் உத்தம சோழனின் தேவியர் பலர் சேர்ந்து, மாமியார் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் அந்தணர்களுக்கு உணவிட அறக்கட்டளை வைத்தார்கள். இருங்கோளர் மகள், பழுவேட்டரையர் மகள் என்று தகப்பன் பெயரோடு அவர்கள் கல்வெட்டில் வருகிறார்கள். அடுத்த தலைமுறையின் திருமணக் கணக்கு முழுக்க அந்த ஒரு பிறந்தநாள் கட்டளையில் கிடைக்கிறது. ராஜேந்திர சோழன் காலத்தில், 1019 வாக்கில், அதே கோயிலில் செம்பியன் மாதேவிக்குத் திருமேனி எடுத்து வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

செம்பியன் மாதேவி என்று அறிஞர் பலர் கருதும் செப்புத் திருமேனி ஒன்று இன்று வாஷிங்டனில், ஃப்ரீர் கலைக்கூடத்தில் நிற்கிறது. 1929-இல் அவர்கள் அதை விலைக்கு வாங்கினார்கள். அவர் பெயர் கொண்ட அந்த ஊர்க் கோயிலிலிருந்து களவு போனதுதான் அது என்று தமிழ்நாடு சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு சொல்லி, மீட்கும் முயற்சியில் இறங்கியது. சிலை போனால் திரும்பி வர வழி உண்டு. அழிந்த கல்வெட்டுக்கு அந்த வழியும் கிடையாது.

செம்பியன் மாதேவிக்கு இது தெரிந்திருந்தது. திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைப் பிரித்துக் கல்லால் கட்டியபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படி எடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். தமக்கு முன்பு யாரோ கொடுத்த விளக்கும் நிலமும் கணக்கிலிருந்து விழுந்துவிடக் கூடாது என்ற கவனம் அது. பழங்கல்லின் படி என்ற குறிப்போடு அவற்றை இன்றும் அங்கே படிக்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத காலத்தில் நடந்த காரியம் இது.

இன்று திருப்பணி என்ற பெயரில் நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. டெல்டாவில் எத்தனையோ கோயில்களில் எழுத்துள்ள சுவரின் மேல் சுண்ணாம்பும் எனாமல் பெயின்ட்டும் அடுக்கடுக்காக ஏறியிருக்கின்றன. அழுக்கு நீக்குகிறோம் என்று மணல் வீச்சு அடித்ததில் எழுத்தின் விளிம்பு மழுங்கிப் போனது. தரையை உயர்த்திப் பளபளக்கும் கிரானைட் பதித்ததில் கோயிலின் அடித்தளமான அதிட்டானத்துக் குமுதமும் அதில் வெட்டிய சாசனமும் மண்ணுக்குள் போயின. மின்விளக்குக் கம்பிக்குத் துளை போடுகிறவருக்கு அந்த இடத்தில் எழுத்து இருப்பதை யாரும் சொல்வதில்லை. தூக்கிப் போட்ட தூண்களும் கற்களும் கோயிலின் பின்புறம் முள்ளுக்குள் கிடக்கின்றன. தமிழகக் கோயில்களில் பாரம்பரிய முறை தெரியாமல் திருப்பணி நடக்கிறது என்று 2017-இல் யுனெஸ்கோ குழு உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையும் குறை சொன்னது. பணம் இல்லாமல் கெட்டதைவிட, பணம் வந்த பிறகு கெட்ட கோயில்கள் அதிகம்.

மழவரையர் வீட்டுப் பெண் சோழர் வீட்டுக்கு வந்தது, அவர் பிள்ளை அரசாண்டது, மருமகள்கள் கட்டளை வைத்தது என்று எல்லாவற்றையும் நாம் தெரிந்துகொண்டது இந்தச் சுவர்களிலிருந்துதான். அவர்கள் வாழ்ந்த அரண்மனைகளில் ஒரு சுவரும் இன்று நிற்கவில்லை. கோயில் சுவரும் கரைந்தால், சில செப்பேடுகளைத் தவிர அவர்களின் உறவுமுறை சொல்ல வேறு சாட்சி கிடையாது.

கோனேரிராஜபுரம் போகிறவர்கள் நடராஜரைத் தரிசித்த பிறகு தெற்குச் சுவர் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகப் பேச்சு எழுந்தால், வண்ணமும் ஓடும் பேசுவதற்கு முன்னால் சுவர்களையும் அதிட்டானத்தையும் எழுத்துத் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். மணல் வீச்சு இயந்திரம் வாசலுக்கு வந்தால் ஊர் கூடித் தடுத்து நிறுத்துங்கள். பழைய கல்லைப் பிரிக்க நேர்ந்தால், முதலில் அதைப் படி எடுக்கச் சொல்லித் திருப்பணிக் குழுவிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.