இடிக்கு முன் இடுப்பைப் பார்

நாய்ப் பயிற்சி கற்றுக்கொள்ளப் போன எனக்கு மாஸ்டர் கொடுத்த முதல் வேலை, நாயைத் தொடாமல் உட்கார்ந்து பார்ப்பது. பூந்தமல்லி பக்கம் அவருக்கு ஒரு ஷெட்டும் காலி மனையும் உண்டு. அங்கே வரும் நாய் எப்போது உதட்டை நக்குகிறது, தூக்கமே வராத நேரத்தில் ஏன் கொட்டாவி விடுகிறது, காது எப்போது பின்னால் மடங்குகிறது என்று நோட்டில் குறிக்க வேண்டும். வால் ஒடுங்குவதும் உடம்பு நடுங்குவதும் யார் கண்ணுக்கும் தெரியும். அதற்கு முன்னால் வருவதைப் பார்க்கத் தெரிந்தவன்தான் பயிற்சியாளன் என்பது அவர் கட்சி.

மழைக்காலத்தில் எங்களுக்கு வரும் அழைப்புகளில் இடி பயம் நிறைய. பாதிக்கு மேல் குட்டியிலிருந்தே பயந்த நாய்கள். நடுவயதுவரை அசையாமல் இருந்துவிட்டுத் திடீரென்று பயப்பட ஆரம்பிக்கிற நாய் வேறு ரகம். அப்படி வந்தவன்தான் முகப்பேரில் ஒரு வீட்டு லாப்ரடார். எட்டு வயது.

"வர்தா புயல் அடிச்சப்ப இவன் சின்னவன் மாஸ்டர். மரம் முறியுற சத்தத்துல நாங்க எல்லாம் நடுங்கிட்டு இருந்தோம், இவன் குறட்டை விட்டுத் தூங்குனான். இப்ப தூரத்துல லேசா உறுமினாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்குறான்" என்றார் வீட்டுக்கார அம்மா.

"அன்னிக்கு இடி கேட்டுச்சாம்மா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப் போட்டது காற்று. புயல் கரை கடக்கும்போது இடி மின்னல் பொதுவாகக் குறைவுதான். நம் ஊரில் இடி வெளுத்து வாங்குவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்கே கறுத்துக்கொண்டு சாயங்காலத்தில் வரும் மழையில். அதனால் வர்தாவில் தூங்கியதை மாஸ்டர் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. காற்றுக்குப் பயமா, மழைக்கா, மின்னலுக்கா, முழக்கத்துக்கா என்று தனித்தனியாகக் கேட்டார். போன வருஷ ஆடி மாத இடிக்கும் இவன் அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான், "சரி, இது நெசமாவே புதுசு" என்றார்.

பிறகு இடியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "மாடிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, பார்க்கலாம்" என்றார்.

டைல்ஸ் தரையில் படுத்திருந்தவன் முதலில் முன்னங்கால்களை ஊன்றி, மார்பை முன்னே தள்ளி, கடைசியில்தான் இடுப்பைத் தூக்கினான். படியில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி தாவினான். மாஸ்டர் என் கையைப் பிடித்து அவன் தோளிலும் பின்தொடையிலும் மாறி மாறி வைத்தார். தோள் திரண்டிருந்தது, தொடையில் சதை வற்றியிருந்தது. "வயசாயிடுச்சுல்ல, அதான் மெதுவா ஏறுறான்" என்றார் அந்த அம்மா. எட்டு வயது லாப்ரடாருக்கு அது வயது அல்ல, வலி என்றார் மாஸ்டர்.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு எனக்குப் படிக்கக் கொடுத்தார். சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்கள்; பாதிக்கு எலும்பு, தசை வலி உண்டு, பாதிக்கு இல்லை. வலி உள்ளவற்றுக்குப் பயம் தொடங்கிய வயது சராசரியாக ஏறக்குறைய நான்கு ஆண்டு பிந்தியிருந்தது. இடி கேட்டதும் உடம்பு விறைக்கிறது. விறைப்பில் நோகிற மூட்டு இழுபடுகிறது. வலியை நாய் இடியின் கணக்கில் எழுதிக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

முகப்பேர்க்காரனுக்குக் கால்நடை டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. நாய்க்கான வலி மாத்திரையை எழுதிக் கொடுத்து, எடையைக் குறைக்கச் சொன்னார். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் இரண்டையும் நாய்க்குக் கொடுக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இடி நாளுக்கென்று தனியாக ஒரு மாத்திரையும் உண்டு. அதை நாய் நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் அவ்வளவாக எடுபடாது. மேகம் கட்டும்போதே கொடுத்துவிட வேண்டும். அந்த அம்மா இப்போது ரேடார் படம் பார்க்கத் தேறிவிட்டார்.

வலி அடங்கிய பிறகுதான் எங்கள் வேலை. அதற்கு மழை இல்லாத மாதங்கள்தான் தோது. பதிவு செய்த இடிச் சத்தத்தை நாயின் காது லேசாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் வைப்போம். சத்தம் வந்த பிறகு வேகவைத்த கோழித் துண்டு. இந்த வரிசை மாறக் கூடாது. கோழி முன்னால் வந்தால், கோழியைப் பார்த்தாலே இடி வரப்போகிறது என்று நாய் கற்றுக்கொள்ளும். செல்போன் ஸ்பீக்கரில் அடித்தொண்டை உறுமல் வராது, அதனால் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். உதட்டை நக்கினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். ஆரம்பத்தில் நோட்டில் எழுதி எழுதிப் பழகியதெல்லாம் எதற்கென்று அங்கேதான் எனக்கு விளங்கியது.

நிஜ மழையில் மின்னலும் மண்வாசனையும் காற்றழுத்த மாற்றமும் சேர்ந்து வரும். ஸ்பீக்கரில் அவை இல்லை. எனவே இடி நாளுக்குத் தனி ஏற்பாடு: ஜன்னல் குறைவான உள் அறை, இழுத்துவிட்ட திரை, மின்னல் வெட்டு தெரியாதபடி எரியும் விளக்கு, ஓடும் ஃபேன். கதவு திறந்தே இருக்கும். கட்டிப் போடக் கூடாது. மிரண்ட நாய் சங்கிலியை இழுத்துத் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும். பக்கத்தில் வந்து ஒண்டினால் தடவிக் கொடுக்கலாம். தடவினால் பயம் வளரும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். பயம் அவன் விரும்பிச் செய்கிற சேட்டை அல்ல, செல்லம் கொடுத்து வளர்ப்பதற்கு.

முகப்பேர்க்காரன் இப்போதும் பெரிய இடிக்கு மூச்சிரைக்கிறான். ஆனால் கட்டிலுக்கு அடியில் பூந்துகொள்வதில்லை, தானாக உள் அறைக்கு நடந்து போய்ப் படுத்துக்கொள்கிறான். டாக்டர், மாஸ்டர் இருவருக்கும் அது போதும் என்றே தோன்றியது.

இப்போது சில அழைப்புகளை நானே எடுக்கிறேன். "நல்லா இருந்த நாய் தம்பி, திடீர்னு இடிக்குப் பயப்படுது" என்பார்கள். படி எப்படி ஏறுகிறது, சோபாவில் தாவுவதை நிறுத்திவிட்டதா, படுத்து எழ நேரம் எடுக்கிறதா என்று கேட்பேன். "நான் இடியைப் பத்திக் கேட்டா நீங்க படியைப் பத்திக் கேட்குறீங்களே" என்று சலித்துக்கொள்வார்கள். அப்படிச் சலித்துக்கொண்டவர்களில் சிலர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, இப்பல்லாம் சோபாவுல ஏறுறதில்ல" என்பார்கள். அவர்களை முதலில் டாக்டரிடம்தான் அனுப்புகிறேன்.